விழத் தெரிந்தவன்

மாத்தளை மாவட்டத்தில் ரத்தோட்டைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில், 1990களின் நடுப்பகுதி வரை மின்சாரம் துரை பங்களாவோடும் ஸ்டோரோடும் நின்றுவிட்டது. லயத்தில் இருந்த ஒரே கறுப்பு வெள்ளை டிவி கார் பெட்டரியில் ஓடியது. பெட்டரியைத் தோளில் சுமந்துகொண்டு டவுனுக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றி வருவார்கள். அந்தச் சார்ஜை எதற்குச் செலவழிப்பது என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கு இருந்தது. படத்துக்கு ஒரு கட்சி, செய்திக்கு ஒரு கட்சி. ரெஸ்லிங் என்றால் மட்டும் எல்லாக் கட்சியும் ஒன்றாகிவிடும்.

அண்டர்டேக்கர் வரும்போது அரங்கத்து விளக்குகள் அணையும். எங்கள் டிவியில் பெட்டரி இறங்கிப்போய் ஏற்கெனவே பாதி இருட்டு. அப்படி ஓர் இரவில், வாசற்படியில் குந்தியிருந்த அப்பாயி கேட்டார்: “நெசமாவே அடிக்கிறானுங்களா, சும்மாவா?” பக்கத்தில் இருந்தவர், இளவயதில் காமன் கூத்தில் பல வருசம் ரதி வேசம் கட்டிய பெரியவர். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “மதினி, மாசியில காமன எரிக்கிறப்ப எரியுறது மானாப்புல்லுதான்னு ஒங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே அழுதீங்க.”

தொழில்முறை மல்யுத்தம் பற்றி அதற்குப் பிறகு நான் படித்தவற்றில் பாதி இந்தப் பதிலுக்கு உரை எழுதியவைதான். பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் 1957இல் வந்த தம் கட்டுரை நூலை மல்யுத்தத்தைப் பற்றிய கட்டுரையோடுதான் தொடங்குகிறார். இது விளையாட்டு அல்ல, காட்சி. துன்பமும் தோல்வியும் நீதியும் எல்லாருக்கும் விளங்கும்படி பெரிதாக நடிக்கப்படும் நாடகம் என்பது அவர் கட்சி. சரிதான். ஆனால் பார்த் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து எழுதியவர். மேடையில் ஓர் உடலை இன்னோர் உடல் தூக்கும்போது, தூக்கப்படுகிறவன் என்ன செய்கிறான் என்பது அவர் கேள்வி அல்ல. என் கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது. எல்லாக் காலத்துக்குமான பெருமல்லன் என்று யாரைச் சொல்வது? முடிவு முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டத்தில் பெருமை என்பது எதைக் குறிக்கும்?

வெற்றிக் கணக்கை முதலில் தள்ளிவிடலாம். ரிக் ஃபிளேர் 16 தடவை உலகச் சாம்பியன் என்பார்கள். ஜான் சீனா 2025 ஏப்ரலில் 17ஆவது தடவை பட்டத்தை வாங்கி அதைத் தாண்டினார். இதை வைத்து இருவரில் யார் பெரியவர் என்று சண்டை போடுவது, அர்ச்சுனன் தபசில் எந்த ஊர் அர்ச்சுனன் அதிக தடவை பாசுபதம் வாங்கினான் என்று எண்ணுவதைப் போன்றது. பட்டம் யாருக்கு என்பதைத் தீர்மானிப்பவர் நிறுவனத்தின் கதை எழுதுகிறவர். இது ஒன்றும் ரகசியமும் அல்ல. 1989இல் வின்ஸ் மெக்மகனின் நிறுவனமே அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்திடம் தங்கள் மல்யுத்தம் கேளிக்கை நிகழ்ச்சிதான், போட்டி விளையாட்டு அல்ல என்று ஒப்புக்கொண்டது. மனச்சாட்சி உறுத்தி அல்ல. விளையாட்டு என்றால் அரசின் மேற்பார்வைக்கும் வரிக்கும் உட்பட வேண்டும் என்பதால்.

முடிவு பொய் என்றால் எல்லாம் பொய் என்று நினைப்பதுதான் தவறு. மல்யுத்த மேடையின் தரையைப் பாருங்கள். இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, பலகைமேல் மெல்லிய மெத்தை, அதன்மேல் இழுத்துக் கட்டிய கான்வாஸ். எங்கள் லயத்துக் கட்டிலைவிடக் கொஞ்சம்தான் மென்மை. அதில் விழுவதற்கென்று ஒரு பாடம் இருக்கிறது. மல்லர் பள்ளிகளில் வாரக்கணக்காக அதை மட்டுமே சொல்லிக்கொடுப்பார்கள். நாடியை நெஞ்சோடு அழுத்தி வைக்க வேண்டும். பின்மண்டை தரையில் படக்கூடாது. மூச்சை வெளியே விட வேண்டும். முதுகின் மேற்பாகம் முழுவதும் ஒரே நேரத்தில் பட வேண்டும். இரண்டு கைகளாலும் தரையை அறைந்து அடியைப் பரப்ப வேண்டும். அரங்கம் முழுக்கக் கேட்கும் அந்த ‘டமார்’ அடிபட்ட சத்தம் இல்லை. அடியைப் பங்கு போட்ட சத்தம்.

தூக்கிப் போடுவதிலும் இரண்டு பேருக்கு வேலை உண்டு. தூக்கப்படுகிறவன் சரியான நொடியில் காலால் உந்தி எழும்பாவிட்டால் 150 கிலோ உடலை லேசில் யாராலும் தோளுக்குமேல் கொண்டுபோக முடியாது. தூக்கியபின் அவன் கழுத்தும் முதுகெலும்பும் தூக்கியவன் பொறுப்பு. எதிரியைப்போல முறைத்துக்கொண்டே அவனைப் பத்திரமாகக் கீழே சேர்க்க வேண்டும். தவறினால் விலை பெரிது. ஜப்பானின் மிட்சுஹரு மிசாவா, விழுவதில் அவரைவிடத் துணிந்தவர் இல்லை என்று பெயர் எடுத்தவர். வருசக் கணக்காகத் தலையும் கழுத்தும் படும்படி விழுந்து விழுந்து தேய்ந்த உடம்பு. 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், ஆயிரம் தடவை வாங்கியிருக்கக்கூடிய ஒரு வீச்சை வாங்கிவிட்டு எழும்பவில்லை.

ஆகவே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் ஒருவனைப் பெரியவன் ஆக்குவது அவனுக்காக விழுகிறவன். பெருமல்லன் என்பவன் இரண்டும் தெரிந்தவன்: தான் விழும்போது எதிரியை மலையாக்கத் தெரிய வேண்டும், எதிரி விழும்போது அந்த விழுகைக்குத் தகுதியாக நிற்கத் தெரிய வேண்டும்.

நம் பக்கத்து உதாரணத்தையே எடுப்போம். தாரா சிங் 1928இல் அமிர்தசரஸ் மாவட்டத்தின் தர்முசக் கிராமத்தில் பிறந்தவர். 1947இல் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் போய், அங்கே ஆலையில் வேலை செய்துகொண்டே ஹர்னாம் சிங்கிடம் மல்யுத்தம் பழகினார். 1954இல் இந்தியச் சாம்பியன், 1959இல் கல்கத்தாவில் காமன்வெல்த் பட்டம், 1968 மே 29 அன்று பம்பாயில் லூ தெஸ் என்ற அமெரிக்கப் பெரியவரை வென்று உலகப் பட்டம். 500 சண்டைகளில் தோற்றதே இல்லை என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பெருமை அரங்கு நடத்தியவர்களுக்கு உரியது; தாரா சிங்குக்கு உரிய பெருமை வேறிடத்தில் இருக்கிறது.

‘கிங்காங்’ என்ற எமில் ஸாயாவிடம் இருக்கிறது. அப்போது ஹங்கேரியாக இருந்த பிராஷோவ் நகரில் 1909இல் பிறந்து, இந்தியா, மலாயா, சிங்கப்பூர் என்று கிழக்கிலேயே வாழ்ந்து தீர்த்த மனிதர். விளம்பரங்கள் அவர் எடையை 200 கிலோவுக்குப் பக்கத்தில் வைத்தன. தாடி, தொந்தி, உறுமல். தாரா சிங் அவரைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றி எறிந்தார் என்ற கதையை எங்கள் தாத்தாமார் நேரில் பார்த்ததுபோலச் சொல்வார்கள். அந்தக் கதையில் கொஞ்சம் நின்று யோசித்தால், கிங்காங்கின் சம்மதமும் கால் உந்தலும் இல்லாமல் அந்தச் சுழற்சி நடந்திருக்குமா? ஒரு முழுத் துணைக்கண்டமும் வெள்ளைக்காரனைத் தூக்கி எறிய ஆசைப்பட்ட காலத்தில், தூக்கப்படுவதற்கென்று தன் உடம்பை வளர்த்து வைத்திருந்தவர் அவர். 1970இல் மலேசியாவில் நடந்த வாகன விபத்துக்குப் பின் சிங்கப்பூரில் இறந்தார். தாரா சிங் பிறகு ராமாயணத் தொடரில் அனுமனானார், 2003இல் மாநிலங்களவைக்குப் போனார், 2012 ஜூலை 12 வரை வாழ்ந்தார். இன்றைக்கும் லயத்தில் ஒரு பொடியன் நெஞ்சை நிமிர்த்தினால் “பெரிய தாராசிங்னு நெனப்பு” என்பார்கள். ஒரு மல்லன் பெயர் பொதுச்சொல் ஆகிவிட்டதென்றால் அவன் காலத்தைத் தாண்டிவிட்டான் என்று தாராளமாகச் சொல்லலாம். எந்தப் பட்டத்தையும்விட நான் நம்பும் சான்று இது.

ஜப்பானில் இதே கதை இன்னும் கசப்பாக நடந்தது. ரிக்கிடோசான் 1954 பெப்ரவரியில் ஷார்ப் சகோதரர்களோடு மோதியபோது, டிவி வாங்க முடியாத சனம் தெருவில் வைத்த பெட்டிகளின் முன்னால் திரண்டு நின்றது. எங்கள் பெட்டரி டிவிக் கூட்டத்துக்கு மூத்த அண்ணன் அந்தக் கூட்டம். போரில் தோற்ற நாடு, தன் ஆள் அமெரிக்கனைக் கைப்பக்கவாட்டால் வெட்டிச் சாய்ப்பதைப் பார்த்து அழுதது. ஷார்ப் சகோதரர்கள் கனடாக்காரர்கள். ரிக்கிடோசான் கொரியாவில் பிறந்தவர். அதை அவர் ரசிகர்களிடமிருந்து மறைத்தே வைத்திருந்தார். அமெரிக்கர் அல்லாத இரண்டு பேர், ஜப்பானியர் அல்லாத ஒருவரிடம் விழுந்து ஒரு தேசத்தை நிமிர்த்தினார்கள். விழுகைதான் அதில் சந்தேகமில்லாத உண்மை.

சரி, முடிவு பேசி வைக்காத அசல் சண்டை உயர்ந்ததில்லையா என்று கேட்கலாம். காமா பயில்வானைப் போய்ப் பார்ப்போம். 1910 செப்டம்பர் 10 அன்று லண்டனில் காமாவும் போலந்து மல்லர் ஸ்டானிஸ்லாஸ் சிபிஸ்கோவும் மோதினார்கள். தொடக்கத்திலேயே காமாவின் பலம் தெரிந்துபோன சிபிஸ்கோ, குப்புறப் படுத்துத் தரையைக் கட்டிக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் காமா அவரைப் புரட்டப் பார்த்தார், முடியவில்லை. சண்டை சமன். ஒரு வாரம் கழித்து மறுபடி மோத வேண்டிய நாளில் சிபிஸ்கோ வரவே இல்லை. பட்டம் காமாவுக்குப் போனது. 1928இல் பட்டியாலாவில் மறுபடி சந்தித்தபோது ஒரு நிமிசம்கூட ஆகவில்லை, சிபிஸ்கோவின் முதுகு மண்ணில். காமாவின் பலத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் லண்டனில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. விழ மாட்டேன் என்று ஒருவன் முடிவெடுத்துவிட்டால், உலகின் மிகப் பெரிய மல்லனாலும் அதிலிருந்து ஒரு கதையை எடுக்க முடியாது.

கதை எடுப்பது தமிழுக்குப் பழைய வேலை. புறநானூற்றின் 80ஆவது பாட்டு முதல் மூன்று பாட்டுகளைச் சாத்தந்தையார் பாடினார். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைப் பற்றி. அது பேசி வைத்த சண்டை என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் புலவர் எதை எடுத்துக்காட்டுகிறார் என்று கவனியுங்கள். முதலில் மல்லனின் வலிமையைச் சொல்கிறார். அதன் பிறகே கிள்ளியின் ஒரு கால் அவன் மார்பில் அழுந்துகிறது, மறுகால் அவன் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்னால் வளைகிறது. கூடவே, இதைத் தித்தன் பார்க்க வேண்டும், அவன் மகிழ்ந்தாலும் சரி மகிழாவிட்டாலும் சரி என்று ஓர் ஆசை. தித்தன் கிள்ளியின் தந்தை, இருவருக்கும் பகை. 82ஆம் பாட்டில் சண்டையின் வேகத்துக்கு ஓர் உவமை வருகிறது. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம், வானத்தில் மழை, பொழுதும் சாய்கிறது; அந்த அவசரத்தில் கட்டிலுக்கு வார் பின்னுகிறவன் கையில் ஊசி எப்படிப் பாயும், அப்படி நடந்ததாம் சண்டை. பிடி எதையும் விவரிக்காமல் வேகத்தை இதைவிட நன்றாகக் காட்டியவரை நான் படித்ததில்லை.

அடுத்த மூன்று பாட்டுகள் நக்கண்ணையாருடையவை. கிள்ளிமேல் காதல் கொண்ட பெண். 85ஆம் பாட்டில் ஊர் இரண்டாகப் பிரிகிறது. வெற்றி அவனுக்கே என்கிறது ஒரு பக்கம், இல்லை என்கிறது மறுபக்கம். இவள் சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று தானே பார்க்கிறாள். அவன்தான் வென்றான் என்று தீர்ப்புச் சொல்கிறாள். தஞ்சைப் பக்கத்து லாவணியில் காமன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடிய விடிய வழக்காடுவதற்கும் இதற்கும் நடுவில் எத்தனையோ நூற்றாண்டுகள். எங்கள் வாசற்படி வழக்குக்கு அதிலிருந்து இன்னும் கொஞ்ச தூரம்தான். ஆனால் ஆறு பாட்டிலும் ஆமூர் மல்லனின் பெயர் கிடையாது. ஊர் இருக்கிறது, பலம் இருக்கிறது, விழுந்த உடம்பு இருக்கிறது.

பெயர் கிடைத்தவர் ஒருவர் உண்டு. அவர் மல்யுத்தத்தில் இறங்கினாரா என்பதுதான் கேள்வி. அவரிடம் போக எங்கள் பக்கமே ஒரு வழி உண்டு. மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் வழியில் நாலந்தாவில் இறங்கி உள்ளே நடந்தால் கெடிகே என்ற சிறு கற்கோயில் இருக்கிறது. பௌத்தத் தலம், உடம்பு முழுக்கத் திராவிடக் கட்டடக்கலை. எட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டுக்குள் கட்டியது என்கிறார்கள். மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது, கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மறுபடி அடுக்கினார்கள். மாமல்லபுரத்தைப் பார்த்தவர்களுக்கு இதைப் பார்த்தவுடன் ஓர் உறவு தட்டும். அந்த உறவுக்கு அரசியல் வழியும் இருந்தது. அரியணை இழந்த மானவம்மன் என்ற இலங்கை இளவரசன் பல்லவன் நரசிம்மனின் அவையில் தங்கி, அவனுக்காகப் போரிட்டு, பல்லவப் படையோடு திரும்பி வந்து ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அனுராதபுரத்தில் அரசனானதைச் சூளவம்சம் சொல்கிறது.

அந்த முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்று பட்டப்பெயர். மல்லர்களில் பெரியவன். அவர் கோதாவில் இறங்கி யாரையும் மண்ணைக் கவ்வ வைத்ததாகக் கல்வெட்டு இல்லை. அவரை மாமல்லன் ஆக்கியது வாதாபி. வாதாபி ஆக்கியதைவிட, அங்கே இருந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி. நர்மதைக் கரையில் ஹர்ஷனைத் தடுத்து நிறுத்தியவன், மாமல்லனின் தந்தை மகேந்திரவர்மனைத் திணற அடித்தவன். இவ்வளவு பெரிய உடம்பு விழுந்ததால்தான் 642 வாக்கில் நடந்த அந்த வெற்றிக்கு இவ்வளவு சத்தம். புலிகேசி சிற்றரசனாக இருந்திருந்தால் கல்கி ‘சிவகாமியின் சபத’த்தை எழுதியிருக்க முடியாது.

புலிகேசி சம்மதித்து விழவில்லை. மல்யுத்தக் கூடத்தில் அந்தச் சம்மதம்தான் கலை. 1987 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் பொன்டியாக் நகரில், 93,173 பேர் என்று நிறுவனம் அறிவித்த கூட்டத்தின் முன் (அந்த எண்ணிக்கையை நம்பாதவர்கள் பலர்) ஹல்க் ஹோகன் ஆந்த்ரே என்ற இராட்சதனைத் தூக்கிப் போட்டார். அதுவரை யாரும் தூக்கியதில்லை என்றார்கள். சுத்தப் பொய், ஹோகனே 1980இல் அவரைத் தூக்கியிருக்கிறார். பொய் அல்லாதது ஆந்த்ரேயின் முதுகு. வளர்ச்சிச் சுரப்பு நிற்காத நோயில் வளர்ந்த உடம்பு, சத்திரசிகிச்சை செய்த முதுகெலும்பு. நிற்கவே சிரமப்பட்டவர், இளையவன் ஒருவனைத் தன் இடத்தில் ஏற்றிவைக்க அந்த முதுகை ஒப்புக்கொடுத்தார். ஆறு வருசத்துக்குள் இறந்துபோனார். ஹோகனின் பெயர் சொல்லும் எந்தப் படத்தை எடுத்தாலும் அதன் மேல்பாதியில் இருப்பது ஆந்த்ரேதான்.

எங்கள் அண்டர்டேக்கருக்கும் அப்படித்தான். 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க்கில் இரும்புக் கூண்டின் உச்சியிலிருந்து, ஏறத்தாழ 16 அடி, மிக் ஃபோலியை அவர் கீழே மேசைமேல் எறிந்தார். ஃபோலி எழுந்து மறுபடி ஏறினார். இரண்டாம் தடவை கூண்டின் கூரையே பிய்ந்து உள்ளே விழுந்தார். அது யாரும் போட்ட திட்டம் இல்லை. ஃபோலி தோற்றார். யார் வென்றது என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள், யார் விழுந்தது என்று கேட்டால் யோசிக்க மாட்டார்கள். தொந்தியும் கலைந்த தலையுமாய் மல்லனுக்குரிய ஓர் இலட்சணமும் இல்லாத அந்த மனிதரை என் பட்டியலில் முன்வரிசையில் வைப்பேன். அண்டர்டேக்கரும் பின்னாளில் அந்தக் கடனை அடைத்தார். ரெஸில்மேனியா என்ற வருடாந்த நிகழ்ச்சியில் 21 தடவை தோற்காதவர், 2014 ஏப்ரல் 6 அன்று பிராக் லெஸ்னரிடம் விழுந்தார். கூட்டம் வாயடைத்து உட்கார்ந்திருந்ததை இப்போதும் பார்க்கலாம். 21 வெற்றியும் சேர்த்து வைத்த பணம் என்றால், அந்த ஒரு தோல்விதான் அதைச் செலவழித்த இடம்.

கண்டிப் பக்கம் எம்பக்கே தேவாலயத்தின் மரத்தூண்களில், கம்பளை அரசு காலத்துச் செதுக்கல்கள் உண்டு. அன்னம், இருதலைப் பறவை, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய். நடுவில் ஒரு சதுரத்துக்குள் இரண்டு மல்லர்கள் ஒருவரை ஒருவர் பின்னிக்கொண்டு நிற்கிறார்கள். எது யார் கை என்று கொஞ்சம் உற்றுப் பார்த்தால்தான் பிரியும். செதுக்கியவனுக்கு வெற்றியில் அக்கறை இல்லை. இரண்டு பேரும் ஒருவர் பாரத்தை ஒருவர் தாங்கும் அந்த நொடி போதுமாக இருந்திருக்கிறது.

நாங்கள் லயத்துப் பின்னால் மானாப்புல்லைப் பரப்பி, மேலே கிழிந்த கொழுந்துச் சாக்குகளை விரித்து ரெஸ்லிங் விளையாடுவோம். எல்லாருக்கும் அண்டர்டேக்கராக வேண்டும். கடைசிக் காம்பிராப் பையன் ஒருவனுக்கு மட்டும் எந்தப் பெயரும் வேண்டாம். யார் தூக்கினாலும் சின்னதாய் ஓர் உந்து உந்தி எழும்புவான். நாடியை நெஞ்சில் புதைத்துக்கொண்டு முதுகு பட விழுவான், இரண்டு கையாலும் சாக்கை அறைவான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விழுந்து கிடந்தபடியே ஒரு காலை மட்டும் இழுத்து இழுத்துத் துடிக்கவிடுவான். அதைப் பார்த்துத்தான் எங்களுக்கு நாங்கள் பலசாலிகள் என்று நம்பிக்கை வரும்.

எட்டாம் வகுப்போடு அவனைக் கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு சாக்கை விரித்துவிட்டு, இரண்டு அண்டர்டேக்கர்கள் எதிரெதிரே நின்றோம். “நீ விழு” என்றான் எதிரில் நின்றவன். “நீ விழு” என்றேன் நான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, சாக்கைச் சுருட்டி வைத்துவிட்டுக் கிரிக்கெட் விளையாடப் போனோம்.